இழுப்பறைக்குள் கொதித்த பேட்டரி: என் அனுபவம்

மேசை இழுப்பறையைத் திறந்ததும் லேசான கருகல் வாடை. உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி, தொட முடியாத அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. புகை அலாரத்திலிருந்து கழற்றி, தீர்ந்துபோனதுதானே என்று நான் போட்டு வைத்தது. அதன் இரண்டு முனைகளின் மேல் குறுக்காக ஒரு சாவிக்கொத்து. பக்கத்திலேயே காகிதக் கட்டு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்? இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

சாவியை ஒரு மரக்குச்சியால் தள்ளிவிட்டு, பேட்டரியை அப்படியே வெறும் தரைக்கு நகர்த்தி ஆறவிட்டேன்.

மற்ற பல பேட்டரிகளைப் போல இல்லாமல் இதற்கு இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில், அருகருகே இருக்கின்றன. ஒரு சாவியோ நாணயமோ காகிதக் கிளிப்போ பட்டாலே போதும், மின்சுற்று முழுமையாகிவிடும். இரும்புக் கம்பி நார் பட்டால் தீயே பிடிக்கும். பேட்டரி குறைகிறது என்று அலாரம் 'கீச்' என்று கத்தினால் பேட்டரி முழுக்கக் காலி என்று அர்த்தமில்லை, மின்சாரம் மிச்சம் இருக்கும். எனக்கு அது தெரியாமல் போனது.

இப்போது கழற்றிய உடனே இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுகிறேன். புதியவை வாங்கிய அட்டையிலேயே இருக்கும். பட்டன் பேட்டரிகளுக்கும் இரு பக்கமும் டேப்தான். அப்புறம் அவை குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய பெட்டிக்குள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். ஒருவேளை விழுங்கிவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.