ஸ்ட்ரோக்ல ஏஐ அலர்ட் வரலன்னா ஒண்ணுமில்லன்னு நினைச்சுடாதீங்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நியூரான், அதாவது மூளை செல், செத்துப்போகுதுன்னு 2006ல ஒரு கணக்கு வந்துச்சு. ஸ்ட்ரோக் துறைக்குள்ள ஏஐ இவ்ளோ சீக்கிரம் வந்ததுக்கு இந்த நிமிஷக் கணக்குதான் காரணம். சிடி ஆஞ்சியோ, அதாவது டை ஊசி போட்டு ரத்தக்குழாயைக் காட்டற ஸ்கேன், எடுத்து முடிச்ச கொஞ்ச நிமிஷத்துலயே சாஃப்ட்வேர் படத்தைப் பார்த்து, அடைப்பு இருக்கற மாதிரி தெரிஞ்சா ஸ்ட்ரோக் டாக்டரோட ஃபோனுக்கு நேரா அலர்ட் அனுப்பிடும். இந்த மாதிரி வேலைக்கு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி தர்ற எஃப்டிஏ முதல்ல அனுமதி கொடுத்தது 2018 பிப்ரவரியில, விஸ் டாட் ஏஐ கம்பெனியோட சாஃப்ட்வேருக்கு. அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கம் 4 ஆஸ்பத்திரியில நடந்து 2023ல வெளியான ட்ரையல்ல, பேஷண்ட் வாசல்ல வந்ததுல இருந்து குழாயை அடைச்ச ரத்தக் கட்டியை எடுக்க தொடையில குழாய் போடற வரைக்கும் ஆகற நேரம் சுமார் 11 நிமிஷம் குறைஞ்சுது. மேல சொன்ன 19 லட்சத்தோட அதைப் பெருக்கிப் பாருங்க, சின்ன விஷயம் இல்ல. அதனால ஏஐ வேண்டாம்னு நான் சொல்ல வரல, அதை நம்பற விதத்துல நடக்கற தப்பைத்தான் சொல்றேன்.

இருக்கறதுலயே பெரிய தப்பு இதுதான், அலர்ட் வரலன்னா அடைப்பு இல்லன்னு எடுத்துக்கறது. இந்த சாஃப்ட்வேர் செய்யற வேலை "இந்த ஸ்கேனை முதல்ல பாருங்க"ன்னு வரிசையில முன்னாடி தள்ளி விடறது மட்டும்தான், நோய் இருக்கு இல்லன்னு தீர்ப்பு சொல்றது இல்ல. 2022 ஏப்ரல்ல எஃப்டிஏ டாக்டருங்களுக்கு ஒரு கடிதமே போட்டு இதை எச்சரிச்சாங்க, அதுலயே இன்னொண்ணும் சொன்னாங்க, மூளையில இருக்கற எல்லா ரத்தக்குழாயையும் எல்லா சாஃப்ட்வேரும் பார்க்கறது இல்ல. கழுத்துல இருந்து மேல போற கரோடிட், அதுக்கு அடுத்து வர்ற நடு மூளைத் தமனியோட முதல் துண்டு, இது ரெண்டையும் நல்லா பிடிக்கற மாதிரி பயிற்சி கொடுத்திருப்பாங்க, ஆனா அதுக்கப்புறம் கிளை பிரியற இடத்துல கட்டி இருந்தாலோ, பின்பக்கம் போற பேசிலார் தமனியில இருந்தாலோ சத்தமே இல்லாம விட்டுடலாம். பேசிலார் அடைச்சா உயிருக்கே ஆபத்து, அறிகுறியும் குழப்பமா இருக்கும், தலைசுத்தல் வாந்தி ரெட்டையா தெரியறதுன்னு ஆரம்பிக்கும், கை கால் இழுக்காமலும் இருக்கலாம். ஏற்கனவே மனுஷன் ஏமாறக்கூடிய இடத்துல மெஷினும் பேசாம இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டுடுவோம். எந்த ஆஸ்பத்திரியில எந்த சாஃப்ட்வேர் இருந்தாலும் அது எந்தெந்தக் குழாயைப் பார்க்கும், எதைப் பார்க்காதுன்னு நைட் ட்யூட்டியில இருக்கறவர் வரைக்கும் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்தது பெர்ஃப்யூஷன் மேப், அதாவது மூளையில எங்க எவ்ளோ ரத்தம் ஓடுதுன்னு சாஃப்ட்வேர் போட்டுக் காட்டற கலர் படம். செத்துப்போன பகுதி ஒரு கலர், இன்னும் காப்பாத்தக்கூடிய பகுதி இன்னொரு கலர்னு, பக்கத்துலயே இத்தனை மில்லின்னு நம்பர் போட்டு அழகா வரும், பார்த்தா அளந்து எடுத்த மாதிரி இருக்கும். அது அளவு இல்ல, கணிப்பு. ரத்த ஓட்டம் நல்ல பக்கத்தோட ஒப்பிட்டா 30 சதவீதத்துக்குக் கீழ போன இடத்தை "செத்துடுச்சு"ன்னு எடுத்துக்கறாங்க, ஆனா அடைச்சு கொஞ்ச நேரத்துலயே ஸ்கேன் எடுத்தா அந்த இடம் இன்னும் உயிரோடவே இருக்கலாம், கட்டியை எடுத்தப்புறம் பார்த்தா மேப்ல செத்ததா காட்டின இடம் நல்லா இருக்கும். கழுத்துக் குழாயில பல வருஷமா சுருக்கம் இருந்தாலோ, இதயம் சரியா பம்ப் பண்ணலன்னாலோ, பேஷண்ட் தலையை ஆட்டிட்டாலோ அந்த நம்பர் தாறுமாறா போகும். முதல்ல மேப்புக்குக் கீழ இருக்கற கிராஃபைப் பாருங்க, ஊசியில போட்ட டை மூளைக்குள்ள வந்து வெளிய போறது முழுசா பதிவாகியிருக்கான்னு, அது சரியில்லன்னா மேல இருக்கற கலர் எதையும் நம்ப முடியாது.

இந்த நம்பரை வச்சு ஒருத்தரை ட்ரீட்மெண்ட்ல இருந்து தள்ளி வைக்கறது இன்னும் மோசம். 2018ல வந்த டிஃபியூஸ் 3 ட்ரையல்ல செத்த பகுதி 70 மில்லிக்குக் கீழ இருக்கறவங்களைத்தான் எடுத்தாங்க, 6 மணி நேரம் தாண்டி வந்தவங்களுக்கும் கட்டியை எடுக்கலாம்னு அது வழி திறந்துவிட்டுச்சு, ரொம்ப நல்ல விஷயம். ஆனா ட்ரையலுக்குப் போட்ட அந்த எல்லை பல பேர் மனசுல "70க்கு மேல போனா வேஸ்ட்"னு பதிஞ்சுபோச்சு. 2022, 2023ல ஜப்பான், சீனான்னு பல நாட்டுல பெரிய பாதிப்பு இருக்கறவங்களை வச்சே தனி ட்ரையல் பண்ணாங்க, அவங்களுக்கும் த்ராம்பெக்டமி, அதாவது குழாய் விட்டு கட்டியை எடுக்கறது, பலன் கொடுத்துச்சு. எல்லாரும் எழுந்து நடந்துடல, மூளைக்குள்ள ரத்தக்கசிவும் கூடுதலாத்தான் இருந்துச்சு, ஆனாலும் ஒண்ணும் பண்ணாம விட்டதை விட நல்லா இருந்தாங்க. அதனால ஸ்க்ரீன்ல வந்த ஒரு நம்பரைப் பார்த்துட்டு குடும்பத்துக்கிட்ட கையை விரிச்சுடக் கூடாது.

சாதா சிடியில ரத்தக்கசிவு பிடிக்கற ஏஐயும் இருக்கு, கால்சியம் படிஞ்சதை ரத்தம்னு சொல்லும், மெல்லிசா இருக்கற கசிவை விட்டுடும், ஸ்கேன் படிக்கற ரேடியாலஜிஸ்டோ ஸ்ட்ரோக் டாக்டரோ கண்ணால பார்க்காம கட்டி கரைக்கற ஊசியைத் தொடக் கூடாது. அலர்ட் நிறைய தப்பா வந்தா டாக்டருங்க ஃபோனை ம்யூட் பண்ணிடுவாங்க, அதையும் கவனிக்கணும்.

இப்ப வீட்ல இருக்கறவங்களுக்கு. வாய் ஒரு பக்கம் கோணுது, கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா சாட்பாட்ல டைப் பண்ணி "இது ஸ்ட்ரோக்கா"ன்னு கேட்டுட்டு உக்காராதீங்க, அது பேஷண்டைப் பார்க்கல, நீங்க எழுதினதைத்தான் பார்க்குது. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சுன்னாலும் போங்க, அது பெரிய ஸ்ட்ரோக்குக்கு முன்னாடி வர்ற மினி ஸ்ட்ரோக்கா இருக்கலாம். யாரோ சொன்னாங்கன்னு ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, உள்ள அடைப்பா கசிவான்னு ஸ்கேன் பண்ணாம யாருக்கும் தெரியாது. ஸ்மார்ட்வாட்ச் பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க, அது பிடிக்கறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கற தாறுமாறான இதயத் துடிப்பை, அது இருந்தா ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு சுமார் 5 மடங்கு, அதனால வாட்ச் எச்சரிச்சா கண்டிப்பா டாக்டர்கிட்ட போய் இசிஜி எடுங்க. ஆனா வாட்ச் ஒண்ணும் சொல்லலன்னா ஸ்ட்ரோக் வராதுன்னு அர்த்தம் இல்ல, இங்கயும் அதே கதைதான்.

கடைசியா, எந்த ஏஐயாலும் ஸ்கேனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத சில விஷயம் உங்ககிட்டதான் இருக்கு. அவர் கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு? அவர் விழுந்து கிடந்ததை நீங்க பார்த்த நேரம் இல்ல, அவர் நல்லா பேசி நடமாடின கடைசி நேரம், தூங்கி எழும்போதே இப்படின்னா படுக்கப்போன நேரம். கட்டி கரைக்கற ஊசியை வழக்கமா 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கறது இந்த நேரத்துல இருந்துதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரா, கடைசியா எப்ப சாப்பிட்டார், சுகர் இருக்கா, ஏன்னா சுகர் ரொம்ப இறங்கினாலும் அச்சு அசல் ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும். நேரத்தை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, மாத்திரை அட்டையெல்லாம் அப்படியே ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோங்க, அவரைக் கடைசியா நல்லபடியா பார்த்தவர் யாரோ அவரையும் ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கோங்க, முடியலன்னா அவர் ஃபோன் நம்பரை டாக்டர்கிட்ட கொடுங்க.