மகன் ஆஃபென்சிவ் லைனில் ஆடுகிறானா? கல்லூரி ரெக்ரூட்டிங்குக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் மகன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டான், எடை 260 பவுண்டைத் தாண்டிவிட்டது, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் ஒரு நாள் உங்களை நிறுத்தி "இவன் காலேஜில் ஆடக்கூடியவன்" என்று சொல்கிறார். வீட்டில் யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாது. எங்கள் நிலைமையும் இப்படித்தான் இருந்தது. நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம்; என் மூத்த மகன் இப்போது ஒரு எஃப்சிஎஸ் (கல்லூரி ஃபுட்பாலின் முதல் டிவிஷனில் இரண்டாம் அடுக்கு) கல்லூரியில் கார்டாக ஆடுகிறான். அவன் போன பிறகு தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்கள் கேட்டார்கள், அவர்களிடம் சொன்னதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆஃபென்சிவ் லைன் என்பது பந்தை வைத்து ஆடுகிற அணியின் முன்வரிசை. அதில் இருக்கும் ஐந்து பேரில் நடுவில் நிற்கும் சென்டர் மட்டும்தான் பந்தைத் தொடுகிறான். மற்ற நால்வரும், வெளி ஓரங்களில் இரண்டு டேக்கிள், சென்டருக்குப் பக்கத்தில் இரண்டு கார்டு, ஆட்டம் முழுக்க எதிராளியைத் தடுத்துக்கொண்டே இருப்பார்கள். ரன்னிங் பேக்குக்கு இத்தனை கெஜம் ஓடினான் என்று கணக்கு இருக்கிறது, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, உங்கள் மகனுக்கு எதுவும் கிடையாது. அதனால் கல்லூரி கோச்சுகள் அவனிடம் பார்ப்பது உடம்பு, வீடியோ, மார்க் இந்த மூன்றையும்தான், அதோடு இன்னும் மூன்று வருடத்தில் இந்த உடம்பு எப்படி ஆகும் என்ற கணிப்பையும். லைன்மேன் தாமதமாகக் காய்க்கிற மரம். பதினேழு வயதில் அவனைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

லேன் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு டெக்சாஸில் க்ரோவ்ட்டன் என்கிற சின்ன ஊரில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், கில்கோர் ஜூனியர் காலேஜிலும் குவார்ட்டர்பேக், பிறகு ஓக்லஹோமா போய் டைட் எண்ட், டிஃபென்சிவ் எண்ட் என்று மாறி மாறிக் கடைசியில் டேக்கிள் ஆனார். தொழில்முறை லீகான என்எஃப்எல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2013 டிராஃப்டில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டார். ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் வாக்-ஆனாகச் சேர்ந்தவர், லைனுக்கே அங்கே போன பிறகுதான் மாறினார். பின்னால் என்எஃப்எல்லின் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் 13 சீசன் சென்டர். பதினொன்றாம் வகுப்பில் ரெக்ரூட்டிங் தளங்கள் தருகிற நட்சத்திர எண்ணிக்கை குறைவு என்று பையன் முகம் வாடி உட்காரும்போது இந்த இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? உடம்பை நேர்மையாக அளப்பதில். செருப்பில்லாமல் உயரம், காலை எடை, கை நீளம், இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு என்கிற விங்ஸ்பான். ஒரு அங்குலம் கூட்டி எழுதாதீர்கள், கல்லூரிகள் நடத்துகிற பயிற்சி கேம்ப்புக்குப் போன அன்றே அங்கே அளந்துவிடுவார்கள், அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்கள். டேக்கிளுக்கு உயரமும் நீளமான கையும் வேண்டும், ஏனென்றால் வெளியே இருந்து வேகமாக வருகிற ஆளை அவன்தான் தள்ளி நிறுத்த வேண்டும். என் மகன் ஆறடி இரண்டரை. பள்ளியில் அவனைவிடப் பெரிய பையன் இல்லாததால் டேக்கிளாக ஆடினான், நாங்களும் ஒரு வருடம் முழுக்க டேக்கிள் என்றே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம், பதிலே வரவில்லை. கார்டு, சென்டர் என்று மாற்றி, பந்தை ஸ்னாப் செய்ய, அதாவது சென்டராக நின்று காலிடுக்கு வழியே பின்னால் அனுப்ப, கற்றுக்கொண்ட பிறகுதான் ஃபோன் வர ஆரம்பித்தது. உங்கள் மகன் ஆறடி நான்குக்குக் கீழே என்றால் இன்றைக்கே ஸ்னாப் பழகச் சொல்லுங்கள்.

அடுத்தது வீடியோ, இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் ஹடல் என்கிற வீடியோ தளத்தில் ஆட்டங்களை ஏற்றிவிடும், அதிலிருந்து பையனே வெட்டி எடுக்கலாம். மூன்று நான்கு நிமிடம் போதும். முதல் ஐந்து ப்ளேயிலேயே (பந்து ஒருமுறை ஸ்னாப் ஆவதிலிருந்து ஆட்டம் நிற்பது வரை ஒரு ப்ளே) கோச் முடிவுக்கு வந்துவிடுவார், அதனால் நல்லதைக் கடைசிக்கு ஒளித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு ப்ளேக்கு முன்பும் அவன் எங்கே நிற்கிறான் என்று அம்புக்குறி போடுங்கள். பாட்டு வேண்டாம், ஸ்லோ மோஷன் வேண்டாம். பக்கவாட்டு கேமராவைவிட கோல் போஸ்ட் பக்கமிருந்து எடுக்கிற கோணத்தில் லைன்மேனின் காலும் கையும் தெளிவாகத் தெரியும், அது கிடைத்தால் அதையே போடுங்கள்.

எதிராளியைத் தரையில் சாய்த்து மேலே விழுகிற பேன்கேக் ப்ளேக்களை மட்டும் அடுக்கி வைக்கும் பழக்கம் பையன்களுக்கு உண்டு. நூற்றெழுபது பவுண்டு பையனை உங்கள் மகன் தள்ளிவிடுவதைப் பார்த்து ஒரு கோச்சுக்கு என்ன தெரியப்போகிறது? அவர் தேடுவது வேறு. முழங்காலை மடக்கி நிற்கிறானா, அல்லது இடுப்பில் குனிகிறானா? கை எதிராளியின் மார்புக்குள் போகிறதா? மோதிய பிறகும் கால் நகர்ந்துகொண்டே இருக்கிறதா? ஒருமுறை தோற்றால் அதே ப்ளேயில் சமாளித்து மீள்கிறானா? பாஸ் தடுப்பு, ரன் தடுப்பு, லைனை விட்டு வெளியே ஓடிப்போய் எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கிற லைன்பேக்கரைத் தடுப்பது, மூன்றும் கலந்து இருக்கட்டும். கூடவே பலமான அணிக்கு எதிரான ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவைத் தயாராக வைத்திருங்கள், ஆர்வம் உள்ளவர் அதைக் கட்டாயம் கேட்பார்.

வேறு விளையாட்டை விடச் சொல்லாதீர்கள். என்எஃப்எல்லில் டேக்கிளாக ஆடுகிற ட்ரிஸ்டன் விர்ஃப்ஸ் அயோவாவில் பள்ளி நாட்களில் மல்யுத்தமும் வட்டு எறிதலும் செய்தவர். என்எஃப்எல்லில் டேக்கிளாக ஆடிய ஜோ தாமஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லைன் ஆடிக்கொண்டே குண்டு எறிந்தார். மல்யுத்தத்தில் இடுப்பும் சமநிலையும் தெரியும், குண்டு எறிவதில் வெடித்துக் கிளம்பும் பலம் தெரியும். அந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பலாம்.

மார்க் விஷயத்தில் நம் வீடுகளில் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம், ஆனால் கணக்கு வேறு. மேல்நிலையான டிவிஷன் 1 தகுதிக்கு, கல்லூரி விளையாட்டை நடத்துகிற அமைப்பான என்சிஏஏ ஒப்புக்கொண்ட 16 கோர் (அடிப்படை) பாடங்கள் வேண்டும், அவற்றில் ஜிபிஏ குறைந்தது 2.3, அந்தப் பதினாறில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டும். பள்ளியில் எடுக்கிற எல்லாப் பாடமும் கோர் ஆகாது, அதிலும் ஆன்லைனில் எடுத்த பாடங்களைக் கவனமாகச் சரிபாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரோடு உட்கார்ந்து பட்டியலைப் பாருங்கள். மார்க் நன்றாக இருந்தால் கதவுகள் அதிகம். ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி, ஆனால் கோச் விரும்பினால் அட்மிஷனில் அது பெரிய பலம். டிவிஷன் 3 இலும் விளையாட்டுக்குப் பணம் இல்லை, இருந்தாலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் ஃபுட்பால் ஆடுவது அங்கேதான்.

தொடர்புகொள்ளும் வேலையைப் பையன்தான் செய்ய வேண்டும். அப்பா எழுதுகிற மின்னஞ்சல் அந்த வீட்டைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தரும். பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 முதல் டிவிஷன் 1 கோச்சுகள் தனிப்பட்ட முறையில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அனுப்பலாம். அதற்கு முன்னால் கேம்ப் விளம்பரமும் விவரப் படிவமும்தான் வரும். ஆனால் பையன் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தவறில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு பேருக்கு எழுதட்டும்: லைன் கோச், அப்புறம் உங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்கிற கோச். பெயர், பள்ளி, முடிக்கும் ஆண்டு, உயரம், எடை, ஜிபிஏ, வீடியோ இணைப்பு, பள்ளி கோச்சின் எண், இவ்வளவுதான், ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

பெரிய பெயர்களுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எஃப்பிஎஸ் (டிவிஷன் 1 இன் மேல் அடுக்கு), எஃப்சிஎஸ், டிவிஷன் 2, டிவிஷன் 3 என நான்கு நிலைகளிலும் எழுதுங்கள். யார் திரும்ப எழுதுகிறார்கள் என்பதே உங்கள் மகன் எந்த நிலை என்று சொல்லிவிடும். பணம் வாங்கிக்கொண்டு "நூறு கல்லூரிகளுக்கு அனுப்புகிறோம்" என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் நாங்கள் பணம் கட்டினோம், அதனால் ஒரு ஃபோன்கூட வரவில்லை. அந்தப் பணத்தை ஜூன் மாதக் கேம்ப் பயணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்ப் அழைப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம், அது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போகும். உண்மையான ஆர்வம் என்றால் லைன் கோச் தன் பெயரில் எழுதுவார், வீடியோவில் ஒரு குறிப்பிட்ட ப்ளேயைப் பற்றிக் கேட்பார், மார்க் ஷீட் கேட்பார், உங்கள் பள்ளி கோச்சுக்கு ஃபோன் செய்வார், வசந்த காலத்தில் பள்ளிப் பயிற்சியைப் பார்க்க நேரில் வந்து நிற்பார். இதில் எதுவும் நடக்காத கல்லூரியின் கேம்ப்புக்கு விமான டிக்கெட் போடாதீர்கள். கேம்ப்பில் ஒருவருக்கு ஒருவர் மோதல்தான் முக்கியம். தோற்றால் பரவாயில்லை. கோச் சொன்ன திருத்தத்தை அடுத்த மோதலில் செய்து காட்டுகிறானா என்றுதான் பார்ப்பார்கள்.

இப்போது ஆஃபர், அதாவது உதவித்தொகையோடு அணியில் இடம் தருகிறோம் என்ற வாக்கு. ஃபோனில் "உனக்கு ஆஃபர் தருகிறோம்" என்று சொல்வதும் பையன் "வருகிறேன்" என்று சொல்வதும் யாரையும் கட்டுப்படுத்தாது. பயப்படாமல் ஒரு கேள்வியைப் பையனையே கேட்கச் சொல்லுங்கள்: "நான் இன்றைக்கே சரி என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" பதிலில் இழுவை இருந்தால் அவர்கள் வேறு யாருக்கோ காத்திருக்கிறார்கள். எழுத்தில் ஆஃபர் பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்ட் 1 முதல்தான் வரும். கையெழுத்து டிசம்பர் தொடக்கத்தில், அல்லது பிப்ரவரியில். இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று கையெழுத்துப் போடுகிற பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், இப்போது கையெழுத்துப் போடுவது உதவித்தொகை ஒப்பந்தத்தில், அதனால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முழு உதவியா, பகுதியா? எத்தனை வருடத்துக்கு? காயம் பட்டால்? கோச் வேலை மாறிப் போனால்? கோடை வகுப்புக்கும் சேர்த்தா?

2025 ஜூன் மாதம், கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்கு சமரசம் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு, அதில் சேர்ந்த எஃப்பிஎஸ் கல்லூரிகளில் 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்று ஆகிவிட்டது. வாக்-ஆனாகப் போய் மெதுவாக வளர்கிற இடம் அதனால் சுருங்கியிருக்கிறது. அதோடு, ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். இருபத்திரண்டு வயதில் முழுக்க வளர்ந்த லைன்மேனை வேறு கல்லூரியிலிருந்து கூட்டி வர முடியும்போது, பதினெட்டு வயதுப் பையனை மூன்று வருடம் ஊட்டி வளர்க்க எல்லாக் கோச்சுக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது உங்கள் மகனுக்காகக் காத்திருக்கக்கூடிய இடம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும்: கல்லூரியின் அணிப் பட்டியலை எடுத்து, லைனில் எத்தனை பேர் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள், எத்தனை பேர் போர்ட்டலில் வந்தவர்கள் என்று எண்ணுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் சேர்த்த பையன்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். எங்களுக்கு ஒரு பெரிய கல்லூரியிலிருந்து ஆர்வம் வந்தபோது இப்படி எண்ணிப் பார்த்தோம், ஒருவர்கூட மிஞ்சவில்லை. அத்தோடு விட்டுவிட்டோம்.

கல்லூரியைப் பார்க்கப் போவதில் அஃபிஷியல் விசிட் என்றால் பையனின் செலவு கல்லூரியுடையது, அன்அஃபிஷியல் விசிட் என்றால் உங்கள் செலவில். போகும்போது லைன் கோச்சின் மீட்டிங்கில் உட்கார விடச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு லைன்மேன் யாரிடமாவது கோச் இல்லாத நேரத்தில் பையன் பேசட்டும். இன்ஜினியரிங் படிக்க ஆசை என்றால் "இப்போது லைனில் யார் இன்ஜினியரிங் படிக்கிறார்கள்?" என்று பெயர் கேளுங்கள், லேப் நேரமும் பயிற்சி நேரமும் மோதுவது அங்கே தினசரிப் பிரச்சினை. முதல் ஆண்டு ஆட வைக்காமல் ரெட்ஷர்ட் செய்து உடம்பை ஏற்றும் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீங்கள் சைவம் என்றால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

எடையைப் பற்றி அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. 300 பவுண்டுக்குச் சாதத்தைக் குவித்துப் போகக் கூடாது. முட்டை, கோழி, பனீர், சுண்டல், தயிர் என்று புரதத்தில் ஏற்றுங்கள். நம் ஆட்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம், அதனால் வருடம் ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம் என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எந்தக் கோச் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

விசாவில் இருப்பவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். எச்-4 இல் (எச்-1பி விசாக்காரரைச் சார்ந்தவருக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது, மாணவர் விசாவான எஃப்-1 க்கு மாறினாலும் கட்டுப்பாடுகள் உண்டு. படிப்பு உதவித்தொகை ஒரு விஷயம், 2021 முதல் நடைமுறையில் இருக்கிற என்ஐஎல் (ஆட்டக்காரரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்குத் தருகிற) பணமும் இப்போது கல்லூரிகளே தருகிற வருமானப் பங்கும் வேறு விஷயம். ஒரு டாலர் வாங்குவதற்கு முன்னால் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இருபத்தொரு வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் நான்கு வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இன்று நிறைய லைன்மேன்கள் டிசம்பரிலேயே பள்ளியை முடித்து ஜனவரியில் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள், ஒரு வசந்தப் பயிற்சி கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக. உங்கள் மகனுக்கு அந்த எண்ணம் இருந்தால் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான்காம் ஆண்டு ஆங்கிலத்தை அதற்குள் முடிக்க ஒரு கோடை விடுமுறை முழுதாகப் போகும்.