ஓசூர் தாண்டிய பிறகு: காஷ்மீர்–குமரி சைக்கிள் பயணத்தின் கடைசிக் கட்டத் தவறுகள்

காஷ்மீரிலிருந்து குமரிக்குச் சைக்கிளில் வருகிறவர்களில் பலர் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியே மிதிக்கிறார்கள். ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். ஜம்மு மலைப்பாதைக்கும் பஞ்சாப் பனிமூட்டத்துக்கும் மாதக்கணக்கில் திட்டம் போட்டவர்கள், ஓசூருக்குள் நுழைந்ததும் அந்தத் திட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். “தமிழ்நாடு வந்தாச்சு, இனி என்ன?” என்ற நினைப்புதான் காரணம். அங்கிருந்து குமரி முனைக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

அந்த நினைப்பு முதலில் கைவைப்பது சைக்கிள் பராமரிப்பில். செயின் இழுத்துப்போயிருக்கும், பின் டயர் நடுவில் வழுக்கையாகியிருக்கும். “இன்னும் ஒரு வாரம்தானே, ஓடிவிடும்” என்று விடுவார்கள். செயின் ஓடினாலும் ஓடிவிடலாம், பிரேக்கை அப்படி விட முடியாது. தர்மபுரி தாண்டி சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிறவருக்கு அது இறக்கம். லாரி விபத்துகளுக்குப் பேர்போன இடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பின்னால் வரும். பிரேக் கட்டைகளைத் தர்மபுரியிலேயே பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே போகாமல் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ரிம் சூடாகும், பின்னால் பை மூட்டை இருக்கும்போது இன்னும் சீக்கிரம்.

அடுத்தது மதுரையில் வரும் ஆசை. முனைக்கு 240 கிலோமீட்டர்தான், நான்கு வழிச்சாலை, ஒரே மூச்சில் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம் என்று தோன்றும். அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர் செய்யட்டும். வாரக்கணக்கில் மிதித்து அசந்துபோனவர் செய்யக்கூடாது. பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வரும் பைக்கும் ராத்திரியில்தான் ஆளைக் கொல்லும். கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ ஒரு ராத்திரி தூங்கினால் பயணத்தின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

காற்றைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல நிற்பது அதனால்தான். நாங்குநேரி, பணகுடி பக்கம் தெற்கே போகும்போது அது வலப்பக்கமிருந்து அடிக்கும். நீங்களும் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து மிதிப்பீர்கள். ஒரு லாரி முந்தும் அந்த நொடி காற்று மறைந்துவிடும், சாய்ந்த சைக்கிள் லாரியை நோக்கியே இழுக்கும். லாரி கடந்ததும் காற்று மறுபடி ஓங்கி அறைந்து இடப்பக்கம் தள்ளும். லாரிச் சத்தம் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் ஓரமாகப் போக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து மீதி சுமார் 85 கிலோமீட்டர்; விடியும்போதே கிளம்பினால் காற்று வலுக்கும் முன் பாதிக்கு மேல் போய்விடலாம். காவல்கிணற்றில் நாகர்கோவில் பலகையைப் பார்த்து வலப்பக்கம் திரும்பிவிட்டால், காற்று வரும் கணவாய்க்குள்ளேயே போவீர்கள், அது சுற்றுவழியும் கூட.

குளிர்காலத்தில் வந்தால் இந்தக் காற்றுத் தொல்லை குறைவு, ஆனால் மழை உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. முனையைத் தொடும் நாளை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, அன்று மாலைக்கே ரயில் டிக்கெட்டும் எடுத்து வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பஞ்சரோ காய்ச்சலோ வந்தாலும் அந்தத் தேதிக்காக மிதிப்பார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். அப்புறம், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குமரியை நிரப்பிவிடும். அறையை மட்டும் முன்பே சொல்லி வைப்பது நல்லது. விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகும் ஆசையில் பை மூட்டையோடு சைக்கிளைக் கடற்கரையில் பூட்டிவிட்டுப் போகவும் வேண்டாம். முதலில் அறை, பிறகு படகு.

திரும்பும் வேலையைக் கடைசி நேரத்துக்கு விடுவதுதான் பலருக்கும் தலைவலி. ரயிலில் சைக்கிள், சாமான்கள் ஏற்றும் ‘பிரேக் வேன்’ பெட்டியில் போகும். அதை ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும். டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் உங்கள் ரயிலிலேயே வர வைக்கலாம், தனிப் பார்சலாகப் போட்டால் அது எந்த ரயிலில் ஏறும் என்பது அவர்கள் கையில். வழியில் ரயில் மாறாமல் போவது உத்தமம். வடக்கே போகிறவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து கத்ரா வரை நேராகப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான், அதை வைத்து நாளைத் திட்டமிடலாம். பெயர், போன் நம்பர், போகும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

விமானம் என்றால் பக்கத்தில் திருவனந்தபுரம். சைக்கிளைப் பெட்டியில் அடைக்கப் பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ்; வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் மறுபக்கம் திருப்பி இறுக்கிவிட்டு, கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது கைப்பையில்தான் வர வேண்டும்.

உடம்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், கைப்பிடியில் சாய்ந்தே வந்ததில் மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்கிறது என்று பொருள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். பயணம் முடிந்தும் இது சில வாரம் நீடிக்கலாம். சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.