புது உரம் வேலை செய்கிறதா? பி-மதிப்பைக் கையாலேயே போட்டுப் பார்க்கும் முறை

செம்பனைத் தோட்டத்தில் புது உரம் இறங்கினால் மண்டோர் ஒன்று சொல்வார், கிராணி ஒன்று சொல்வார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்த வாக்குவாதத்தை எண்ணால் தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறாம் படிவத்தில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு 20 சென் நாணயமும் தாளும் போதும்.

முதலில் நிலம். பத்து ஜோடிப் பாத்திகளைக் குறியுங்கள். ஒரு பாத்திக்கு 6×6 என 36 மரம். எடை போடுவது நடுவிலுள்ள 16 மரத்துக் குலைகளை மட்டும். ஓர மரங்களின் வேர் பக்கத்துப் பாத்தி உரத்தையும் இழுத்துவிடும். ஜோடியில் இரண்டு பாத்தியும் ஒரே மாதிரி மண்ணில் இருக்க வேண்டும். ஒன்று மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருந்தால் நீங்கள் அளப்பது மேட்டையும் பள்ளத்தையும்தான். எந்தப் பாத்திக்குப் புது உரம், எதற்குப் பழைய உரம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். ஆள் தேர்ந்தெடுத்தால் நல்ல மரங்களுக்கே புது உரம் போய்ச் சேரும்.

உரம் போடுவதற்கு முன்பே சுழியக் கருதுகோளை எழுதி வையுங்கள்: “இரண்டு உரத்துக்கும் குலை எடையில் வேறுபாடு இல்லை.” அது உண்மையென்றால் எந்த ஜோடியிலும் புது உரம் ஜெயிக்கும், அதாவது அதன் பாத்தியில் எடை கூடும் வாய்ப்பு சரிபாதி. புது உரம் கெடுதலும் செய்யலாம் என்பதால் இருபக்கச் சோதனை. வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு ஏற்றத்தாழ்வோ இதைவிட அதிகமோ தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. அதற்கு எல்லை 0.05; அதற்குக் கீழே வந்தால் சுழியக் கருதுகோளை நிராகரிக்கலாம். எடையைக் கூட்டி முடிவு பார்க்கும் தேதியும் அதே தாளில் இருக்கட்டும். செம்பனையில் உரத்தின் பலன் குலையில் தெரிய ஓராண்டுக்கு மேலாகும். அதன் பிறகு ஓராண்டு முழுவதும், ஒவ்வொரு வெட்டுச் சுற்றின் எடையையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஒரு மாத எடையை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பத்தில் எட்டு ஜோடியில் புது உரம் ஜெயித்தது என்போம். பத்து முறை நாணயம் சுண்டினால் 1024 விதமாக விழலாம். அதில் எட்டு தலை 45 விதம், ஒன்பது 10, பத்து 1, மொத்தம் 56. பழைய உரம் எட்டோ அதற்கு மேலோ ஜெயிக்கும் எதிர்ப்பக்கத்திலும் 56. ஆக 112/1024, அதாவது பி-மதிப்பு 0.109. உரத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இவ்வளவு ஏற்றத்தாழ்வோ இதைவிட அதிகமோ நூற்றுக்குப் பதினொரு தடவை தற்செயலாகவே வரும். சுழியக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. ஒன்பது ஜோடி ஜெயித்திருந்தால் 22/1024, அதாவது 0.021, நிராகரிக்கலாம். எடை சமமாக வந்த ஜோடியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதியுள்ள எண்ணிக்கைக்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

இனிதான் பலரும் வழுக்கும் இடம். 0.021 என்றால் “உரம் பயனற்றது என்பதற்கு 2 விழுக்காடு வாய்ப்பு” என்று பொருளல்ல. உரம் பயனற்றது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அப்படி வைத்துக்கொண்டது சரியா என்பதன் வாய்ப்பை அது சொல்லாது. அதுபோல 0.109 வந்ததும் “வேறுபாடே இல்லை” என்று அறிக்கை எழுதுவதும் தவறு. புது உரம் உண்மையிலேயே பத்துக்கு ஏழு ஜோடியில் ஜெயிக்கக்கூடியதாக இருந்தாலும், இந்தப் பத்து ஜோடிச் சோதனை அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 15 விழுக்காடுதான். ஐந்தே ஜோடி வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: ஐந்திலும் ஜெயித்தாலும் 2/32, அதாவது 0.0625. எல்லையைத் தொடவே முடியாத சோதனைக்கு மூட்டை மூட்டையாக உரம் கொட்டியதுதான் மிச்சம்.

16 மரத்தை 16 தனித்தனி அளவாக எண்ணுவது அடுத்த கோளாறு. பாத்தி ஒன்று, உரம் ஒன்று, அளவும் ஒன்றுதான். குலை எடை, குலை எண்ணிக்கை, மட்டை நீளம் என்று ஒன்றையொன்று சாராத இருபது விஷயங்களைச் சோதித்து 0.05-க்குக் கீழே வந்ததை மட்டும் காட்டினால், உரத்தில் ஒன்றுமில்லாவிட்டாலும் ஒன்றாவது தேறும் வாய்ப்பு 64 விழுக்காடு வரை போகலாம். மாதா மாதம் கணக்குப் பார்த்து, சாதகமாக வந்த மாதத்தில் நிறுத்துவதும் இதே தில்லுமுல்லுதான்.

0.05 என்ற எல்லையும் இயற்கை விதியல்ல. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் உரச் சோதனைகளை ஆராய்ந்த ரொனால்ட் ஃபிஷர் 1920களில் பரப்பிய வழக்கம்.

இந்தக் கணக்கு யார் ஜெயித்தார் என்பதை மட்டுமே பார்க்கிறது. எத்தனை கிலோவில் என்று பார்ப்பதில்லை. அதற்கு ஜோடி டி-சோதனை இருக்கிறது. எதைச் செய்தாலும் அறிக்கையில் பி-மதிப்புக்குப் பக்கத்திலேயே சராசரி எடை வேறுபாட்டையும், ஒரு ஹெக்டருக்குக் கூடுதலாகும் உரச் செலவையும் எழுதுங்கள். கூடுதல் குலை அந்தச் செலவை ஈடுகட்டாவிட்டால் 0.001 வந்தாலும் பழைய உரமே போதும்.