அரசு மின்சாரக் கம்பனிகளை எடுத்ததைப் பற்றி விடை எழுதுவது எப்படி

கொக்குவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தனியார் மின்சாரக் கம்பனிகளை அரசு பொறுப்பேற்றதைப் பற்றிக் கேட்டால், கொப்பி நிறைய 'மக்கள் நலன்' என்று எழுதித் தருகிறார்கள். அது காணாது பிள்ளைகள்.

முதலில் அரசுடைமை என்பதன் வரைவிலக்கணத்தை ஒரு வரியோடு நிறுத்துங்கள். அடுத்த வரியிலேயே ஒரு நாட்டையும் ஒரு திகதியையும் பிடியுங்கள். பிரித்தானியாவை எடுத்தால், 1947 இல் சட்டம், 1948 ஏப்ரல் 1 இல் கைமாற்றம். ஐந்நூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒன்றாகின. அவற்றில் பாதிக்கு மேல் நகரசபைகளுடையவை. ஆகவே 'தனியாரிடமிருந்து பறித்தார்கள்' என்று மட்டும் எழுதினால் விடை அரைவாசிதான்.

காரணத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள். அங்கே ஊருக்கு ஊர் வோல்ற்றளவு வேறு, கட்டணம் வேறு. வீடு மாறினால் பழைய வீட்டு மின்சாதனம் புது வீட்டில் வேலை செய்யாமல் போகலாம். இந்த ஒரு உதாரணம் ஒரு பந்திக்குச் சமன்.

அப்புறம் நட்டஈடு. இங்கேதான் நேரம் எடுங்கள். காசு யார் கைக்குப் போனது? பிரித்தானியாவில் கம்பனிகளின் பங்குதாரருக்கு, அரசு உத்தரவாதம் கொண்ட 3 வீத வட்டிப் பத்திரமாகக் கொடுத்தார்கள். இத்தாலியில் 1962 இல் எனெல் என்ற அரச மின்சார நிறுவனம் உருவானபோது கம்பனிகளுக்கே பத்து வருடத் தவணையில் காசு கொடுத்தார்கள். மின்சாரம் கையைவிட்டுப் போனாலும் கம்பனிகள் உயிரோடு இருந்தன. எடிசன் என்ற பெரிய கம்பனி 1966 இல் மொன்டெகாட்டினி என்ற இரசாயனக் கம்பனியோடு சேர்ந்து இரசாயனத் தொழிலுக்குள் போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அரசுடைமை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பேரங்கள் இருக்கின்றன.

கைமாறிய பிறகு நிர்வாகம் யாரிடம் என்பதையும் விடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தென் ஸ்கொட்லாந்திலும் 14 பிரதேச மின்சார சபைகள் விநியோகத்தைப் பார்த்தன. இது ஓரிரு வரி போதும்.

எங்கள் நாட்டுக்கு வரும்போது கவனம். இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1 இல் தொடங்கியதைத் தனியார் கம்பனிகளை எடுத்ததற்கு உதாரணமாக எழுதுகிறார்கள். பிழை. அதற்கு முன் மின்சாரம் அரச திணைக்களத்தின் கையில் இருந்தது. திணைக்களம் சபையானது, அவ்வளவுதான். அயலில் உதாரணம் வேண்டுமென்றால் சென்னை இருக்கிறது: அங்கே மின் விநியோகக் கம்பனியை மாகாண அரசு 1947 இல் எடுத்தது.

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய். கொப்பியின் ஒரு பக்கம்தான் தெரியும், மற்றப் பக்கத்துக்குப் போத்தலை நகர்த்த வேண்டும். கரண்ட் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைப் புள்ளிக்காக மட்டும் என்னால் படிப்பிக்க முடியாது.

சரி, நட்டஈட்டுப் பந்தியை மட்டும் முதலில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மிச்சத்தைச் சேர்ந்திருந்து எழுதுவோம்.