உறைந்த ஏரியில் தூண்டில் போட நுரைப்பாய்த் தரை
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் போன்ற இடங்களில் உறைந்த ஏரியின்மேல் கூடாரமிட்டு மீன் பிடிப்போர், கனமான பலகைத் தளத்துக்குப் பதிலாக, உடற்பயிற்சிக் கூடங்களில் விரிக்கும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நுரைப்பாய்களை வாங்கி, நான்கு பாய்கள் கூடும் மூலைகளைக் கால்வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். தூண்டில் இறக்கப் பனிக்கட்டியில் போடும் 8 அங்குலத் துளைக்கு, நான்கு மூலைகளும் சேர்ந்து உருவாகும் 10 அங்குல வட்டம் தாராளமாகப் போதும். பாயின் நடுவில் வெட்டாமல் மூலையில் வெட்டுவதுதான் சூட்சுமம், ஏனெனில் தூண்டில் நரம்பு நீரில் இருக்கும்போதே ஒரு பாயை மட்டும் கழற்றி எடுக்க முடியும். மூடிய கண்ணறைகளைக் கொண்ட இந்த நுரைக்குள் நீர் ஏறாது. அதில் அடைபட்ட காற்று, பாதத்தின் சூடு பனிக்கட்டிக்கு இறங்குவதை மட்டுப்படுத்துகிறது.

பனிக்கட்டியின்மேல் ஏற்கெனவே நீர் தேங்கியிருந்தால் பாய் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், அங்கே இது உதவாது. எரிவாயு ஹீட்டரை நுரையின்மேல் நேரடியாக வைக்கவே கூடாது.