விண்ணப்பத்தில் பாலீர்ப்பைச் சொல்வதா? வழியில் யார் படிப்பார்கள் என்று முதலில் பாருங்கள்

எஸ்டிபிஎம், ஏ லெவல் முடித்துப் பல்கலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலரும் ‘தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னால் இடம் கிடைக்குமா, போய்விடுமா’ என்றுதான் குழம்புகிறார்கள். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: படிவம் பல்கலைக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே யார் கண்ணில் படும்?

உள்ளூர்ப் படிப்பு என்றால் சொல்லவே வேண்டாம். அரசுப் பல்கலைச் சேர்க்கைக்கான யூபியூ படிவம் பாலீர்ப்பைக் கேட்பதில்லை. உபகாரச் சம்பள நேர்காணலிலும் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மலேசியத் தண்டனைச் சட்டம் 377ஏ, 377பி குற்றமாக்குவது பாலுறவுச் செயலைத்தான் (20 ஆண்டு வரை சிறை, பிரம்படி), ‘நான் இன்னார்’ என்று சொல்வதை அல்ல. இருந்தும் எழுத்தில் விட்டுவைப்பதால் உங்களுக்கு லாபமில்லை.

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம். கல்லூரி வழியாக விண்ணப்பித்தால் அங்குள்ள ஆலோசகர் முழுப் படிவத்தையும் படிக்க முடியும். தனியாக விண்ணப்பித்தால் பரிந்துரை எழுதுபவரிடம் பரிந்துரை மட்டுமே கேட்கப்படும். 2026 சேர்க்கையிலிருந்து தன்விவரக் கட்டுரை மூன்று கேள்விகள். மொத்தம் 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. தேர்ந்தெடுத்த எல்லாப் பல்கலைக்கும் அதே கட்டுரைதான் போகும். ஒன்றுக்குச் சொல்லி மற்றதற்கு மறைக்க வழியில்லை.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைப் படிவம் 2015 முதல் இதைக் கேட்கிறது. விரும்பினால் மட்டும் பதில் சொல்லலாம். பல பல்கலைகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரைக்கு 250 முதல் 650 சொல். எழுதியபின் பாலீர்ப்பைச் சொல்லும் வரியை எடுத்துவிட்டுப் படியுங்கள். கட்டுரை அப்படியே நின்றால், அந்த வரி தேவையில்லை. ‘துன்பப்பட்டேன், மீண்டேன்’ வகையைத் தேர்வாளர்கள் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் மோர் வரிசையை நீங்கள் எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள், அந்தக் கூட்டத்தில் எதை மறைத்துக்கொண்டு நின்றீர்கள் என்று எழுதினால் அந்த வரிக்கு வேலை இருக்கும்.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வீட்டு லேப்டாப்பில்தான். குடும்ப ஜிமெயில் திறந்திருக்கும், வரைவு தானாகக் கூகுள் டிரைவில் சேரும், விண்ணப்பத்துக்கு உதவும் ஏஜெண்ட் பிடிஎஃப்பை அம்மாவின் வாட்ஸாப்புக்கே அனுப்பிவிடுவார். தனி மின்னஞ்சல், தனிக் கடவுச்சொல். ஏஜெண்டிடம் கட்டுரையைக் கொடுக்காதீர்கள்.

2025 ஜூன் முதல் அமெரிக்க மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவாக்க வேண்டும். அதிகாரிக்குத் திறந்தால் அத்தைக்கும் மாமாவுக்கும் திறந்ததுதான். பழைய பதிவுகளையும் தொடர்பவர் பட்டியலையும் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டணம் அப்பாவின் ஈபிஎஃப் சேமநிதியிலிருந்து வருகிறதா? வீட்டுக்குத் தெரிந்தால் அது நிற்கும் என்ற பயம் இருந்தால் இப்போது எழுதாதீர்கள். பல்கலைக்குச் சொல்ல வேண்டுமென்றால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லலாம்.